பாட்டு நோட்டில் எழுதாமல் விட்டவை

கர்நாடக இசையில் ஆரபி, தேவகாந்தாரி என்ற இரண்டு ராகங்களுக்கும் பெரும்பாலான பாடப் புத்தகங்களில் ஆரோகணம், அதாவது ஏறுவரிசை, ஸ ரி ம ப த ஸ, அவரோகணம், அதாவது இறங்குவரிசை, ஸ நி த ப ம க ரி ஸ என்றுதான் இருக்கும். ஒரே தாய் ராகம், அதே ஸ்வர ஸ்தானங்கள். பாடக் கேட்டாலோ இரண்டும் ஒரு வரிக்குள் பிரிந்துவிடும். ஆரபியில் ரிஷபமும் (ரி) தைவதமும் (த) அசையாமல் நிமிர்ந்து நிற்கும், காந்தாரமும் (க) நிஷாதமும் (நி) தொட்டும் தொடாமலும் போகும், நடையில் ஒரு விறுவிறுப்பு இருக்கும். தேவகாந்தாரி நிதானமாக நடக்கும். ஸ்வரங்களை நீட்டி, குழைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து போகும். ஸ்வரம் எழுதக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இந்த இரண்டு ராகங்களைத்தான். இரண்டிலும் ஒவ்வொரு வரி எழுதச் சொல்வேன். எழுதி முடித்ததும் ராகத்தின் பெயரை மறைத்துவிட்டு, எது எது என்று கேட்பேன். எழுதினவர்களுக்கே சொல்லத் தெரியாது.

அதற்காகக் குறியீட்டை ஒதுக்கிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. பாடுவது, பக்கவாத்தியமாக வயலின் வாசிப்பது, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது, நாட்டிய நிகழ்ச்சிகளுக்கு மெட்டமைத்துக் கொடுப்பது என்று இசையின் பல பக்கங்களிலும் வேலை செய்கிறேன். எல்லாவற்றிலும் பேப்பரும் பென்சிலும் கூடவே இருக்கின்றன. பேப்பரில் எது வரும், எது வராது என்று தெரிந்துகொண்டு எழுதினால் அது மிகப் பெரிய உதவி. தெரியாமல் எழுதினால் அந்தப் பேப்பரே பாட்டைக் கெடுத்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கிடைத்த அனுபவங்களைத்தான் எழுதுகிறேன்.

நம் புத்தகங்களில் இருக்கும் முறை எளிமையானது. ஸ என்று குறிலாக எழுதினால் ஒரு அளவு, ஸா என்று நெடிலாக எழுதினால் இரண்டு. காற்புள்ளி ஒரு அளவு நீட்டிப்பு, அரைப்புள்ளி இரண்டு. எழுத்தின் மேல் புள்ளி வைத்தால் மேல் ஸ்தாயி, கீழே வைத்தால் கீழ் ஸ்தாயி. மேலே கோடு போட்டால் இரட்டை வேகம். தாள அங்கம் முடியுமிடத்தில் ஒரு செங்குத்துக் கோடு, ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, முடியுமிடத்தில் இரண்டு. எந்த ரிஷபம், எந்த தைவதம் என்பதெல்லாம் ராகத்தின் பெயரிலேயே அடங்கிவிடும், ராகத்துக்கு வெளியிலிருந்து அன்னிய ஸ்வரம் வந்தால் மட்டும் ஒரு நட்சத்திரக் குறி. அவ்வளவுதான். ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொண்டுவிடலாம்.

இதில் இல்லாதது கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்தும் இழைத்தும் பாடுகிற விதம். தோடியில் 'க' என்று ஒரே ஒரு எழுத்து போட்டிருக்கும். தொண்டையில் அது ரிஷபத்தின் பக்கத்திலிருந்து கிளம்பி மத்யமத்தைத் தொட்டுத் தொட்டு அசையும். சாதாரண காந்தாரம் என்று ஹார்மோனியத்தில் எந்தக் கட்டையை அழுத்துகிறோமோ, அந்த இடத்தில் அது நிலையாக நிற்பதே அரிது. பாட்டுக் கேட்டுப் பழகாத ஒருவர் அந்த எழுத்தை மட்டும் பார்த்துப் பாடினால், ஸ்வரம் சரியாக இருக்கும், தோடி இருக்காது.

இந்தக் குறை பெரியவர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியில் ஒவ்வொரு கமகத்துக்கும் தனித்தனிக் குறி இருக்கிறது. கம்பிதம் என்ற அசைவுக்கு அலை மாதிரி ஒரு கோடு, ஏற்ற ஜாரு என்ற மேல்நோக்கிய சறுக்கலுக்கு மேல்நோக்கிய சாய்கோடு, இறக்க ஜாருவுக்குக் கீழ்நோக்கியது, நொக்குக்கு ஒன்று, ரவைக்கு ஒன்று, ஸ்புரிதத்துக்கு ஒன்று. முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளை நாம் இன்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்துகொள்ள முடிவதற்கு அந்தப் புத்தகம் முக்கியமான காரணம். அவ்வளவு குறிகள் இருந்தும், அதைப் பார்த்து ஒரு கீர்த்தனையைக் கட்டும்போது அந்த ராகத்தில் ஏற்கெனவே காது பழகியிருக்க வேண்டியிருக்கிறது. 'இங்கே அசை' என்று குறி சொல்லும். எவ்வளவு அகலமாக, எந்த வேகத்தில், எந்த ஸ்வரத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்று அசைப்பது என்பதைப் பாட்டு தெரிந்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

அதனால் என் மாணவர்களுக்கு எழுதித் தரும்போது இரண்டு வரி எழுதுகிறேன். மேல் வரியில் புத்தக வழக்கப்படியான ஸ்வரம். கமகம் கனமாக உள்ள இடங்களில் மட்டும், அதற்குக் கீழே பென்சிலால் குரல் உண்மையில் போகிற பாதை. தோடி 'கா' வந்தால் கீழே 'ரி ம ரி ம' என்று சின்னதாக. பைரவியில் மேலே ஏறும்போது வருவது சற்று உயர்ந்த சதுஸ்ருதி தைவதம், இறங்கும்போது தாழ்ந்த சுத்த தைவதம். அதை ஆரம்ப மாணவர்களுக்கு ஒரு முறை குறித்துக் காட்டினால் போதும், அப்புறம் காதே பார்த்துக்கொள்ளும். எல்லா ஸ்வரத்துக்கும் கீழ் வரி எழுதக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். எல்லாவற்றையும் எழுதிவிட்டால் கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், காது வேலை செய்யாது.

பதிவைக் கேட்டு ஸ்வரப்படுத்துவது தனிக் கலை. பலர் முதல் ஸ்வரத்திலிருந்தே எழுதத் தொடங்கி, இரண்டாவது வரியில் திக்கி நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நான் ஸ்வரத்தைக் கடைசியில்தான் தொடுவேன். முதலில் பேப்பரே இல்லாமல் தாளம் மட்டும் போட்டுப் பாட்டு முழுவதையும் கேட்பேன். எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம், எங்கே என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும்: தாளத்தின் முதல் தட்டான சமத்திலா, அரை அட்சரம், அதாவது அரைத் தட்டு, தள்ளியா, ஒன்றரை அட்சரம் தள்ளியா. அப்புறம் ஆதி தாளமானால் எட்டுக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் சாகித்யத்தின், அதாவது பாட்டின் சொற்களின், எந்த அசை விழுகிறது என்று எழுதுவேன். இதை முடித்தாலே பாட்டின் எலும்புக்கூடு கையில் வந்துவிடும். பிறகு ஒவ்வொரு வரியிலும் குரல் நின்று ஓய்வெடுக்கிற ஸ்வரம் எது என்று மட்டும் பார்ப்பேன். வரி பஞ்சமத்தில் நிற்கிறதா, சட்ஜத்துக்கு வந்துவிடுகிறதா? நிற்கும் இடங்கள் தெரிந்தால் நடுவில் இருக்கும் ஸ்வரங்களை ராகமே பாதி சொல்லிக் கொடுத்துவிடும். மீதியைத் தேடும்போது பதிவை மெதுவாக ஓடவிடுகிற செயலி உதவும். ஆனால் மெதுவாக்கிக் கேட்டு எழுதினதைப் பழைய வேகத்தில் பாடிச் சரிபார்த்தே ஆக வேண்டும். மெதுவாக ஓடும்போது வேகமான அசைவு ஒன்று மூன்று தனி ஸ்வரமாகக் காதில் விழும். அதை அப்படியே எழுதிவிட்டால் பாடுகிறவர் மூன்றையும் அழுத்திப் பாடுவார், வரி கனத்துப் போகும்.

கோட்டுக் குறியீடு படிக்கிற மேற்கத்திய இசைக் கலைஞர்களோடு சேர்ந்து வேலை செய்தது எனக்கு இன்னொரு பாடம். இந்த முயற்சி புதியதல்ல. சுப்பராம தீட்சிதரின் புத்தகத்துக்கு முன்பே, 1890களில், சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை ஐரோப்பியக் குறியீட்டில் அச்சிட்டிருக்கிறார். அந்தக் குறியீட்டில் சுருதி நிலையானது. நம்முடைய ஸ என்பது பாடுகிறவரின் குரலோடு நகரும்: ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடுகிறவருக்கு அது ஒரு இடம், ஒரு கட்டைச் சுருதியில் பாடுகிறவருக்கு வேறு இடம். ஆகவே அவர்களுக்கு எழுதும்போது முதல் கேள்வி, யார் பாடப் போகிறார்கள் என்பதுதான். கட்டை முடிவாகாமல் ஒரு கோடுகூடப் போடக் கூடாது. கட்டை மாறினால் முழுவதையும் திருப்பி எழுத வேண்டியிருக்கும்.

அவர்கள் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே வாசிப்பார்கள். அந்த ஒழுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. எழுதுகிறவர் மேல் அது ஒரு பொறுப்பைச் சுமத்துகிறது. 'ராகம் தெரிந்தவர்தானே, சேர்த்துக்கொள்வார்' என்று எதையும் விட்டுவைக்க முடியாது. ஒரு ஜாருவை எழுதினால் அது எப்போது கிளம்பி எப்போது போய்ச் சேர வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். மோகனம் மாதிரி ராகங்கள் இதற்கு ஓரளவு இடம் கொடுக்கும். சஹானாவையோ பேகடாவையோ எழுதப் போனால் பக்கம் முழுவதும் கறுத்துப் போகும், வாசித்தால் உயிர் இருக்காது. அப்படிப்பட்ட ராகங்களில் நான் கண்ட வழி: செலோவுக்கும் வயோலாவுக்கும் நீண்ட, ஆடாத ஸ்வரங்களை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, குழைவெல்லாம் குரலிலும் நம் வயலினிலும் வைத்துக்கொள்வது. இரண்டு பக்கமும் நிம்மதியாக வாசிக்கலாம்.

இனி, எழுதி வைத்ததை எடுத்துப் பாடுவது.

ஒரே கீர்த்தனையை இரண்டு புத்தகங்களில் பார்த்தால் சங்கதிகள், அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதங்கள், வேறுபடும், சில சமயம் எடுப்பே மாறியிருக்கும். எது சரி என்று மாணவர்கள் கேட்பார்கள். தியாகராஜர் 1847-இல் மறைந்தார். அவருடைய பாட்டுகள் சீடர்கள் வழியாகத்தான் நமக்கு வந்தன: வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று மூன்று பெரிய சிஷ்ய பரம்பரைகள். ஒவ்வொன்றிலும் பாடாந்தரம், அதாவது பாட்டைப் பாடும் வழி, கொஞ்சம் கொஞ்சம் மாறியது. வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதர் வழிக் கையெழுத்துப் பிரதிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் பாதுகாக்கப்பட்டு வந்திருக்கின்றன. ஆனாலும் கச்சேரி மேடையில் கேட்பது பெரும்பாலும் வாய்வழி வந்ததுதான். ஆகவே என் பதில் இது: இரண்டு பாடாந்தரத்தையும் கேளுங்கள். எது உங்கள் ஆசிரியரிடமிருந்து வந்ததோ அதை முதலில் நன்றாகக் கட்டுங்கள். இதில் ஒரு சங்கதி, அதில் ஒரு சங்கதி என்று கோத்துவிடாதீர்கள். சங்கதிகள் ஒன்றிலிருந்து ஒன்று வளர்கிறவை. முதல் சங்கதியில் ஒரு சின்ன வளைவு வந்தால் இரண்டாவதில் அது பெரிதாகும், மூன்றாவதில் மேல் ஸ்தாயிக்குப் போகும். நடுவில் வேறு வழியிலிருந்து ஒன்றைச் செருகினால் அந்த வளர்ச்சி அறுந்துவிடும். கேட்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் என்னவோ ஒட்டவில்லை என்று தோன்றும்.

காலப்பிரமாணமும், அதாவது பாட்டின் வேகமும், நம் புத்தகங்களில் இருக்காது. மிஞ்சிப்போனால் மெதுவானதைச் சௌக்கம், நடுத்தரமானதை மத்யமம் என்று ஒரு வார்த்தை. மேற்கில் வேகத்தை அளந்து தட்டும் மெட்ரோனோம் கருவி வந்ததும் பீத்தோவன் தன் முதல் எட்டு சிம்பொனிகளுக்கும் 1817-இல் எண்களே வெளியிட்டார். அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்ற விவாதம் இன்றும் முடியவில்லை. எண் போட்டாலும் தீராத விஷயம் என்று இதிலிருந்து எனக்குப் புரிந்தது. நான் கடைப்பிடிக்கிற முறை: பாட்டிலேயே மிக நெருக்கமான இடத்தை முதலில் கண்டுபிடிப்பேன். அது கடைசிச் சங்கதியாக இருக்கலாம், வேகமாக ஓடும் மத்யமகால சாகித்யமாக இருக்கலாம், பாட்டோடு முன்பே அமைத்து வைத்த ஸ்வரப் பகுதியான சிட்டஸ்வரமாக இருக்கலாம். அந்த இடத்தில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக வருகிற வேகம் எது என்று பாடிப் பார்ப்பேன். பாட்டு முழுவதற்கும் அதுதான் வேகம். பல்லவியின் முதல் வரியை வைத்து வேகம் பிடித்தால் சரணத்தில் மூச்சு முட்டும். பக்கவாத்தியம் வாசிக்கும்போது இதைப் பலமுறை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆரம்பித்த வேகத்தைப் பாடகர் நடுவில் தளர்த்தினால், மிருதங்கக்காரரும் வயலின்காரரும் கண்ணால் பேசிக்கொண்டு கூடவே இறங்கிப் போக வேண்டும்.

மெட்டமைப்பதில் என் வேலை பெரும்பாலும் பழைய செய்யுள்களுக்கோ புதிதாக யாராவது எழுதித் தருகிற வரிகளுக்கோ இசை போடுவது. இதுவும் நம்மிடம் நீண்ட நாளாக நடந்து வருவதுதான். அன்னமய்யாவின் பாடல்கள் திருமலையில் செப்பேடுகளில் கிடைத்தபோது சாகித்யமும் ராகத்தின் பெயரும் இருந்தன, ஸ்வரம் இல்லை. இன்று நாம் கேட்கிற மெட்டுகளில் பெரும்பகுதி 20-ஆம் நூற்றாண்டு வித்வான்கள் போட்டவை. திருப்பாவைக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்த மெட்டுகள் அவ்வளவு பொருந்திப் போனதால், ஆதியிலிருந்தே அப்படித்தான் பாடி வந்தார்கள் என்று நினைக்கிறவர்கள்கூட உண்டு. இதற்கு எதிரான உதாரணம் குடுமியான்மலை. அங்கே பாறையில் ஸ்வரங்களே வெட்டி வைக்கப்பட்டிருக்கின்றன, ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கல்வெட்டு. ரா ரி ரு ரே என்று உயிர் மாற்றி எழுதிய ஸ்வரக் கோவைகள். அவை அன்று எப்படி ஒலித்தன என்று பாடிக் காட்ட இன்று யாராலும் முடியாது. பாடிக்காட்டும் தொடர்ச்சி அறுந்தபின், கல்லில் வெட்டிய ஸ்வரமும் முழுமையாகப் பேசுவதில்லை.

ஒரு வரி கையில் வந்ததும் ராகத்தை யோசிக்க மாட்டேன். சத்தமாகப் படிப்பேன், பேசுவது போலவே, பல தடவை. எந்தச் சொல்லில் அழுத்தம் தானாக விழுகிறது, எங்கே மூச்சு விடத் தோன்றுகிறது என்று பார்ப்பேன். தமிழில் குறில் நெடில் முக்கியம். உதாரணத்துக்கு நானே ஒரு வரி சொல்கிறேன்: 'வானம் பார்த்த நிலம்போல் வாடி நின்றேன்.' இதில் 'நி' குறில். மெட்டு நன்றாக விழுகிறதே என்று அந்த இடத்தில் நீட்டினால் நிலம் நீலமாகிவிடும். வறண்ட மண்ணைச் சொல்ல வந்த வரி வேறு எதையோ சொல்லும். நீட்ட வேண்டுமானால் வா, பார், போல், றேன் என்று நெடில்கள் எத்தனையோ இருக்கின்றன. 'லம்' என்பதில் மகர மெய்யின் மேலேயே குரலை ஒலிக்கவிடலாம், அதுவும் அழகு. இன்னொன்று சொல் பிளப்பது. 'வாடி' என்பதில் 'வா' ஒரு ஆவர்த்தனத்தின் கடைசியிலும் 'டி' அடுத்ததின் சமத்திலும் விழுந்தால் கேட்கிறவர் தடுமாறுவார். அதனால் தாளக் கட்டத்துக்குள் சொற்களை முதலில் உட்கார வைக்கிறேன். முக்கியமான சொல் சமத்திலோ, அதற்கு ஒன்றரை அட்சரம் தள்ளியோ விழும்படி. 'வாடி' சமத்தில் வரட்டும் என்றால் 'வானம் பார்த்த நிலம்போல்' அதற்கு முன்னாலேயே நடந்து முடிய வேண்டும். அப்போது எடுப்பு எங்கே என்பதை நான் தீர்மானிக்க வேண்டியதே இல்லை, வரியே தீர்மானித்துவிடுகிறது.

இவ்வளவும் ஆன பிறகுதான் ராகம். பல பேர் முதலில் ராகத்தைத் தேர்ந்துகொண்டு வரியை அதற்குள் திணிக்கிறார்கள். வரியின் நடை வேகமாக இருந்தால், தேவகாந்தாரி எவ்வளவு பிடித்திருந்தாலும் அதை ஒதுக்கி வைக்கத்தான் வேண்டும். நாட்டியத்துக்கானால் இன்னும் ஒரு கவலை சேரும்: ஆடுகிறவர் அபிநயத்தை விரிக்கிற வரி திரும்பத் திரும்ப வரும். அந்த வரியின் மெட்டு முடிந்ததும் மறுபடி அதன் தொடக்கத்துக்குச் சிரமமில்லாமல் போக வேண்டும். கடைசி ஸ்வரத்துக்கும் முதல் ஸ்வரத்துக்கும் நடுவில் பெரிய தாண்டல் இருந்தால் திரும்பப் பாடும் ஒவ்வொரு முறையும் உறுத்தும்.

மேடையிலேயே கற்பனையாகப் பாடும் மனோதர்மத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிரியமான பகுதி இதுதான். அங்கேயே யோசித்து அங்கேயே பாடுவது என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் வியப்பார்கள். உண்மையில் அந்த நேரத்தில் புதிதாகப் பிறப்பது கொஞ்சம்தான். வர்ணங்களிலும் கீர்த்தனைகளிலும் கற்ற பிடிகள், அதாவது ராகத்தைக் காட்டும் சின்னத் தொடர்கள், கேட்டுக் கேட்டு உள்ளே போன சொற்றொடர்கள், கைபழகிய கணக்குகள் எல்லாம் தயாராக இருக்கும். அவற்றை எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளி விட்டு வைக்கிறோம் என்பதில்தான் அன்றைய நாளின் புதுமை. ஆகவே சொல்லும் தாளமும் இல்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனை வரவில்லை என்று யாராவது வருத்தப்பட்டால், அந்த ராகத்தில் எத்தனை உருப்படி தெரியும் என்றுதான் முதலில் கேட்பேன். ஒரு வர்ணமும் இரண்டு கீர்த்தனையும் கனமாகக் கட்டியிருந்தால் ஐந்து நிமிட ஆலாபனைக்கான சரக்கு அதிலேயே இருக்கிறது. சாகித்யத்தை எடுத்துவிட்டு, தாளத்தை அவிழ்த்துவிட்டு, அந்தப் பிடிகளை 'ஆ' என்ற அகாரத்தில் மெதுவாகப் பாடிப் பாருங்கள்.

ஆலாபனையில் நான் கொடுக்கும் முக்கியமான பயிற்சி கட்டுப்பாடு. கல்யாணியானால், 'இன்று காந்தாரத்துக்கு மேலே போகாதே' என்பேன். கீழ் நிஷாதம், சட்ஜம், ரிஷபம், காந்தாரம் மட்டும். ஆரம்பத்தில் இரண்டு வரியிலேயே தீர்ந்துவிடும். அப்புறம் வேறு வழியில்லாமல் நீளத்தை மாற்றுவார்கள், இடைவெளி விடுவார்கள், ஒரே பிடியை வேறு ஸ்வரத்தில் முடிப்பார்கள். ஒரு மாணவி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டே ஆலாபனை செய்யப் பார்த்தாள். 'நோட்டை மூடும்மா, கண்ணையும் மூடு, காந்தாரத்துல நின்னு பாரு' என்றேன். நின்றாள். நிற்க நிற்க அந்த ஸ்வரத்திலிருந்து எந்தப் பக்கம் போகலாம் என்று அவளுக்கே கேட்கத் தொடங்கியது.

பாட்டின் ஒரு வரியை எடுத்து ராகத்தில் விரித்துப் பாடும் நிரவலுக்கு வரி தேர்ந்தெடுக்கும்போது பொருள் முழுமையாக நிற்கிற வரியாகப் பாருங்கள். பாதி வாக்கியத்தை எடுத்து அரை மணி நேரம் பாடினால் எவ்வளவு நல்ல சங்கீதமும் அந்தரத்தில் தொங்கும். சாகித்ய எழுத்துகள் மூலத்தில் தாளத்தின் எந்த இடத்தில் விழுந்தனவோ ஏறக்குறைய அங்கேயே விழ வேண்டும், நடுவில் ராகம் விரிய வேண்டும். மெட்டமைத்துப் பழகியவர்களுக்கு நிரவல் சுலபமாக வருவதைக் கவனித்திருக்கிறேன். இரண்டும் ஒரே வேலைதான்: தாளத்தில் உட்கார்ந்திருக்கும் சொற்களுக்கு ராகம் தேடுவது. ஒன்றுக்கு வாரக்கணக்கில் நேரம் இருக்கிறது, இன்னொன்றுக்கு ஒரு ஆவர்த்தனம்.

ஸ்வரங்களையே கற்பனையாகக் கோத்துப் பாடும் கல்பனாஸ்வரத்தில் எல்லோருக்கும் கணக்கு மேல்தான் கண். ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். ஆதி தாளம், அட்சரத்துக்கு நாலு மாத்திரை, ஆவர்த்தனத்துக்கு 32. பாட்டின் எடுப்பு சமத்திலிருந்து ஒன்றரை அட்சரம் தள்ளி, அதாவது 6 மாத்திரை தள்ளி. சமத்தில் கோர்வையை, அதாவது கணக்கிட்டு எடுப்பில் முடிக்கும் ஸ்வரத் தொகுப்பை, தொடங்கி அடுத்த ஆவர்த்தனத்தின் எடுப்பில் முடிக்க வேண்டுமென்றால் 32-உம் 6-உம் சேர்த்து 38 மாத்திரை வேண்டும். மோகனத்தில் இப்படிச் செய்யலாம்: முதலில் 'க ப த ஸ த ப க ரி ஸ' என்று ஒன்பது, ஒரு மாத்திரை கார்வை, அதாவது நீட்டிப்பு, அதன் தலையில் இரண்டைக் குறைத்து 'த ஸ த ப க ரி ஸ' என்று ஏழு, மறுபடி ஒரு மாத்திரை, இன்னும் இரண்டைக் குறைத்து 'த ப க ரி ஸ' என்று ஐந்து. இதுவரை 23. அதன்பின் 'ஸ ரி க ப த' என்று ஐந்து ஐந்தாக மூன்று தடவை, 15. மொத்தம் 38. மேல் சட்ஜத்திலோ பஞ்சமத்திலோ தொடங்கும் பல்லவியானால் கடைசித் தைவதத்திலிருந்து அதில் போய் விழலாம்.

பேப்பரில் சரியாக வந்துவிட்டது என்று இதோடு விட்டுவிடக் கூடாது. கையில் தாளம் போட்டு, ஸ்வரமில்லாமல் எண்ணிக்கையை மட்டும் சொல்லிப் பழக வேண்டும். அப்புறம் ஸ்வரத்தோடு. பிறகு எண்ணிக்கையை மறந்துவிட்டு, 'த ப க ரி ஸ' என்ற வால் மூன்று முறையும் வருவதைக் காது உணர்கிற அளவுக்குப் பாட வேண்டும். கேட்கிறவர்கள் மாத்திரை எண்ணுவதில்லை. அந்த வால் திரும்பத் திரும்ப வருவதையும், தொடர் குறுகிக்கொண்டே போவதையும்தான் அவர்கள் கேட்கிறார்கள். அதில் ராகம் தெரிந்தால்தான் கோர்வை ரசிக்கும். ஸ்வர வரிசை ராகத்துக்கு ஒட்டாத எத்தனையோ அருமையான கணக்குகள் இருக்கின்றன, அவற்றை மிருதங்கத்துக்கு விட்டுவிடுவது நல்லது. கச்சேரியில் கோர்வை கடைசியில் ஒன்றோ இரண்டோ போதும். அதற்கு முன்னால் கணக்கில்லாமல் தாளத்தோடு இயல்பாக ஓடுகிற சர்வலகு ஸ்வரங்களில்தான் பாடுகிறவரின் ராக ஞானம் தெரியும். சர்வலகுவுக்கு நான் சொல்கிற ஒரே விதி: பல்லவி எந்த ஸ்வரத்தில் தொடங்குகிறதோ, அதற்கு ராகப்படி பக்கத்தில் இருக்கிற ஸ்வரத்தில் ஒவ்வொரு சுற்றையும் முடியுங்கள். தாண்டிக் குதித்து எடுப்புக்குப் போகாதீர்கள்.

வயலின் வாசிக்கிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு பாக்கியம் உண்டு. பாடகர் ஆலாபனை செய்யும்போது அரை அடி பின்னால் நிழலாகப் போய்க்கொண்டே இருக்கிறோம். அடுத்து எங்கே போவார் என்று ஊகித்தபடியே வில் போட வேண்டும். ஊகம் தப்பும்போதுதான் அவருடைய மனம் எப்படி வேலை செய்கிறது என்று நன்றாகத் தெரிகிறது. பாடுகிறவர்களும் கொஞ்ச நாள் யாருக்காவது பக்கத்தில் உட்கார்ந்து, குரலாலேயே பின்தொடர்ந்து பழகினால் மனோதர்மம் வளரும் என்பது என் நம்பிக்கை.

அங்கேயே தோன்றுவதும் உட்கார்ந்து எழுதுவதும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நான் நினைக்கவில்லை. 1747-இல் ஜெர்மன் இசைமேதை பாக், பிரஷ்ய அரசர் பிரடெரிக் கொடுத்த ஒரு கருப்பொருளை வைத்து அவர் முன்னாலேயே மூன்று குரல் பியூக் ஒன்றை, அதாவது ஒரே கருப்பொருளைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னிச் செல்லும் உருப்படியை, வாசித்தார். ஆறு குரலில் வேண்டும் என்று கேட்டபோது தனக்கு வசதியான வேறொரு கருப்பொருளில் வாசித்துவிட்டு, ஊர் திரும்பிய பின் அரசர் கொடுத்ததையே ஆறு குரலில் எழுதி அச்சிட்டு அனுப்பினார். மூன்று குரலுக்குக் கை போதும், ஆறு குரலுக்குப் பேப்பர் வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய மேதைக்கே அப்படி.

நம்மிடம் சிட்டஸ்வரம் இருக்கிறதே, அதுவும் உறைந்து நின்ற கல்பனாஸ்வரம்தான். அதனால் மாணவர்கள் ஸ்வரம் பாடும்போது போனில் பதிவு செய்து வைக்கச் சொல்கிறேன். மறுநாள் கேட்டு, நன்றாக அமைந்த ஓரிரு ஆவர்த்தனங்களை மட்டும் எழுத வேண்டும். எழுதும்போது மேலே ராகம், தாளம், கட்டை, எந்தப் பாட்டுக்குப் பாடியது, எடுப்பு எங்கே என்பதைக் கட்டாயம் குறிக்க வேண்டும். எடுப்பு மாறினால் அந்த ஸ்வரம் வேறு பாட்டுக்குப் பொருந்தாது. இப்படிச் சேர்த்ததிலிருந்து ஒரு மாணவன் நாலு ஆவர்த்தனம் தேர்ந்தெடுத்து, திரும்பத் திரும்ப வந்த பிடிகளை நீக்கி, சிட்டஸ்வரம் இல்லாத ஒரு பாட்டுக்குப் பொருத்தினான். முதல் ஆவர்த்தனம் கீழ் ஸ்தாயியில் நின்றது, மூன்றாவதில் மேல் காந்தாரம் தொட்டது, நாலாவதில் மூன்று முறை திரும்ப வருகிற ஒரு சின்னத் தொடர். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் மூச்சுக்கு இடமில்லாமல் இருந்தது. அங்கே இரண்டு ஸ்வரத்தை எடுத்துவிட்டு ஒரு கார்வை வைத்தோம். இப்போது வகுப்பில் எல்லோரும் அதைப் பாடுகிறார்கள்.